குட்சுக் கொடியைக் கட்டுப்படுத்தல்

குட்சு என்பது கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடியாகும். இதன் அறிவியற் பெயர் புவேராரியா மொன்டானா, லோபேட்டா வகை என்பதாகும். சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் இயற்கையாக வளரும் இக்கொடி, ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் மரங்களையும் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் மூடி வளரும் ஆக்கிரமிப்புத் தாவரமாக அறியப்படுகிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் எனத் தொகுக்கப்பட்ட பன்னாட்டுப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

வீட்டு நிலங்களில் குட்சு பரவும்போது, வெளியே தெரியும் கொடியையும் இலைகளையும் மட்டும் வெட்டுவது போதிய பலன் தருவதில்லை. இத்தாவரத்தின் மொட்டுகள் மண்மட்டத்தில் உள்ள பருத்த முடிச்சிலும், உணவுச் சேமிப்பு அதன் கீழுள்ள வேரிலும் உள்ளன. இம்முடிச்சை அகற்றுவது அல்லது வேரின் சேமிப்பைப் படிப்படியாகத் தீர்ப்பது என்ற இரண்டில் ஒன்றே எல்லாக் கட்டுப்பாட்டு முறைகளுக்கும் அடிப்படையாகும்.

பெயர்

ஜப்பானிய மொழியில் இக்கொடி "குசு" எனப்படுகிறது. அச்சொல்லே ஆங்கிலத்தில் திரிந்து "குட்சு" ஆனது. புவேராரியா என்னும் பேரினப் பெயர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் மார்க் நிக்கோலா புவேராரியின் நினைவாக இடப்பட்டது.

முன்பு இதே பேரினத்தில் வகைப்படுத்தப்பட்ட புவேராரியா பேசியோலாய்டஸ் என்னும் இனம் வெப்பமண்டலக் குட்சு எனப்படுகிறது. கேரளாவிலும் மலேசியாவிலும் ரப்பர்த் தோட்டங்களில் மண்ணை மூடும் பயிராக வளர்க்கப்படுவது இவ்வினமே. இக்கட்டுரையில் கூறப்படும் குட்சு அதனினும் வேறானது.

தோற்றமும் வளர்ச்சியும்

குட்சுவின் ஒவ்வொரு இலையும் மூன்று பெரிய சிற்றிலைகளைக் கொண்ட கூட்டிலையாகும். இளந்தண்டுகள் பழுப்பு நிற மயிர்களால் மூடப்பட்டிருக்கும். கோடையின் பிற்பகுதியில் ஊதா நிறப் பூங்கொத்துகள் தோன்றும். இவை திராட்சை மணம் கொண்டவை. காய்கள் தட்டையாகவும் மயிர் மூடியும் காணப்படும். விதைகளில் முளைக்கும் திறனுடையவை சிலவே. எனவே அமெரிக்காவில் இக்கொடி பெரும்பாலும் விதையால் அன்றி, ஓடுதண்டுகள் மூலமே பரவுகிறது.

தகுந்த சூழலில் குட்சு ஒரே நாளில் சுமார் 30 செ.மீ வரையும், ஒரு வளர்பருவத்தில் சுமார் 18 மீட்டர் வரையும் நீளக்கூடியது. இவ்வேகத்திற்குக் கீழ்க்காணும் பண்புகள் துணைபுரிகின்றன.

1. தன்னைத் தாங்கிக்கொள்ளும் கட்டைத் தண்டை இது உருவாக்குவதில்லை. பிற மரங்களைப் பற்றி ஏறுவதால், தான் உருவாக்கும் உணவில் பெரும்பகுதியை இலைக்கும் நீளத்திற்கும் செலவிட முடிகிறது.
2. வேரில் வாழும் பாக்டீரியாக்களின் துணையுடன் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்திக்கொள்வதால் வளமற்ற மண்ணிலும் வளர்கிறது.
3. தரையில் படரும் தண்டின் கணுக்கள் மண்ணைத் தொடும் இடத்தில் வேர்விடுகின்றன. அவ்விடத்தில் புதிய தாவரம் உருவாகிறது. இடைப்பட்ட தண்டு அறுந்தாலும் அது தனித்து வாழும்.
4. ஆணிவேர் பருத்து மாச்சத்தைச் சேமிக்கிறது. முதிர்ந்த வேர்கள் 3.5 மீட்டருக்கும் மேல் ஆழம் செல்வதும், 180 கிலோகிராம் வரை எடை கொள்வதும் உண்டு.

தண்டும் வேரும் கூடும் இடத்தில் மண்மட்டத்தை ஒட்டிப் பருத்த முடிச்சு ஒன்று காணப்படும். இக்கட்டுரையில் இது வேர்த்தலை எனக் குறிக்கப்படுகிறது. ஒரே வேர்த்தலையிலிருந்து பல கொடிகள் கிளம்பக்கூடும். புதிய தளிர்களுக்கான மொட்டுகள் வேர்த்தலையிலேயே உள்ளன. அதற்குக் கீழுள்ள வேர்ப்பகுதி தனியே தளிர்ப்பதில்லை.

முதல் உறைபனியில் இலைகள் கருகி உதிரும். குளிர்காலத்தில் கொடி பட்டுப்போனது போலத் தோன்றினாலும், மண்ணுக்குள் வேர் உயிருடன் இருக்கும். இளவேனிலில் அதே வேர்த்தலையிலிருந்து மீண்டும் தளிர்கள் எழும்.

அமெரிக்காவில் பரவிய வரலாறு

குட்சு 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில், ஜப்பானியக் காட்சிக்கூடத்தின் வழியாக அமெரிக்கர்களுக்கு அறிமுகமானது. வீட்டு முன்றில்களுக்கு நிழல் தரும் அழகுக்கொடியாகவே அது முதலில் வளர்க்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரிடா மாநிலத்தின் சிப்லி நகரைச் சேர்ந்த சார்லஸ் பிளீஸ், லில்லி பிளீஸ் தம்பதியினர் இதனைக் கால்நடைத் தீவனமாகப் பரப்பினர். தங்கள் நாற்றுப்பண்ணையிலிருந்து அஞ்சல் வழியாகவும் நாற்றுகளை விற்றனர்.

1930களில் மண்ணரிப்பு அமெரிக்காவில் பெருஞ்சிக்கலாக உருவெடுத்தது. 1935இல் அமைக்கப்பட்ட மண் பாதுகாப்புச் சேவை, அரிக்கப்பட்ட சரிவுகளைக் காக்கக் குட்சுவைத் தேர்ந்தது. அரசு நாற்றங்கால்களில் 7 கோடிக்கும் மேற்பட்ட நாற்றுகள் வளர்க்கப்பட்டன. நடும் உழவர்களுக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை வழங்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் செய்தித்தாள் எழுத்தாளரும் வானொலிப் பேச்சாளருமான சானிங் கோப், 1943இல் அமெரிக்கக் குட்சுக் கழகத்தைத் தொடங்கினார். அதில் சுமார் 20,000 பேர் உறுப்பினராயினர்.

உதவித்தொகை நின்றபின் பல உழவர்கள் குட்சு நிலங்களை உழுதனர் அல்லது மாடுகளை மேயவிட்டனர். ஆனால் சாலையோரங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் நடப்பட்ட கொடிகள் மேய்ச்சலின்றி மரங்களில் ஏறின. 1953இல் அமெரிக்க வேளாண்மைத் துறை தான் பரிந்துரைத்த மண்மூடு தாவரங்களின் பட்டியலிலிருந்து குட்சுவை நீக்கியது. 1970இல் அதனைக் களை என அறிவித்தது. விரைவான வளர்ச்சி, ஆழமான வேர், வளமற்ற மண்ணிலும் பிழைக்கும் திறன் ஆகிய எப்பண்புகளுக்காக நடப்பட்டதோ, அதே பண்புகளே பின்னர் அதனை அகற்றுவதைக் கடினமாக்கின.

பரவலின் அளவு

குட்சு பல இலட்சம் ஏக்கர் காடுகளை விழுங்கிவிட்டது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் அமெரிக்க வனச்சேவையின் மாதிரிக் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி 2015இல் வெளியான கட்டுரை ஒன்று, காட்டுநிலத்தில் குட்சு பரவியுள்ள பரப்பு சுமார் 2,27,000 ஏக்கர் மட்டுமே எனக் குறிப்பிட்டது. குட்சு மிகுந்த ஒளியை நாடும் தாவரம். அடர்ந்த காட்டின் உட்பகுதியில் அது நன்கு வளர்வதில்லை. காட்டின் விளிம்பு, சாலையோரம், ஓடைக்கரை, வீட்டு நிலத்தின் எல்லை ஆகிய இடங்களிலேயே செழிக்கிறது. வாகனங்களில் செல்வோர் காண்பதும் இவ்விடங்களையே என்பதால் அதன் அளவு மிகைப்படுத்தப்படுகிறது.

இவ்வுண்மை வீட்டு உரிமையாளர்களுக்கும் முக்கியமானது. வெயில் படும் எல்லையோரம் கவனிக்கப்படாமல் விடப்படும்போதே கொடி பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. தடுக்கவியலாத பேரழிவாக அதைக் கருத வேண்டியதில்லை.

ஏற்படும் தீங்குகள்

குட்சு மரத்தின் மீது ஏறி இலைப்பரப்பை மூடும்போது, மரத்திற்குச் சூரிய ஒளி கிடைப்பது தடைப்படுகிறது. ஒளிச்சேர்க்கை குறைந்து மரம் நலிகிறது. கொடியின் எடையால் கிளைகள் முறிவதும், மரம் சாய்வதும் உண்டு. மின்கம்பங்கள், வேலிகள், கொட்டகைகள் ஆகியவற்றையும் இது சேதப்படுத்துகிறது.

சோயா பயிரைத் தாக்கும் ஆசியத் துரு நோய்க்குக் குட்சு மாற்று ஓம்புயிராக விளங்குகிறது. 2009இல் ஜார்ஜியா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குட்சுப் பூச்சி, இக்கொடியின் சாற்றை உறிஞ்சுவதோடு சோயாவையும் தாக்குகிறது. இலையுதிர்காலத்தில் இப்பூச்சிகள் கூட்டமாக வீடுகளுக்குள் புகுவதும் உண்டு.

வீட்டு நிலத்தில் கட்டுப்படுத்தும் முறைகள்

அடையாளம் காணல்

பணியைத் தொடங்குமுன் தாவரத்தைச் சரியாக அடையாளம் காண்பது இன்றியமையாதது. வட அமெரிக்காவில் பாய்சன் ஐவி எனப்படும் நச்சுக்கொடிக்கும் மூன்று சிற்றிலைகளே உள்ளன. இரண்டும் ஒரே இடத்தில் கலந்து வளர்வதும் உண்டு. நச்சுக்கொடியிலுள்ள உருசியால் என்னும் எண்ணெய் தோலில் பட்டால் கடும் அரிப்பும் கொப்புளங்களும் ஏற்படும். குட்சு மரத்தைச் சுற்றிப் பின்னி ஏறும். நச்சுக்கொடியோ நார் போன்ற பற்று வேர்களால் மரப்பட்டையில் ஒட்டி ஏறும். ஐயமுள்ள கொடிகளை எரித்தல் கூடாது. நச்சுக்கொடியின் புகையைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிப்புறும்.

அடர்ந்த கொடிப்படலத்தின் கீழ்ப் பாம்புகள், குழவிக் கூடுகள், பழைய கம்பிகள், மூடப்படாத குழிகள் ஆகியன இருக்கலாம். எனவே தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, உயரமான காலணி ஆகியன அணிந்தே பணிபுரிய வேண்டும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் நிலத்தின் அமைப்பும் தண்டுகளின் போக்கும் தெளிவாகத் தெரியும் என்பதால், வேர்த்தலைகளைத் தேடிக் குறியிட அக்காலம் ஏற்றது.

மரங்களை மீட்டல்

மரத்தில் ஏறிய கொடிகளைத் தரைமட்டத்திலும், மார்பளவு உயரத்திலும் என இரண்டு இடங்களில் வெட்ட வேண்டும். இடைப்பட்ட துண்டை அகற்றிவிட்டால், வெட்டப்படாமல் விடுபட்ட கொடி எது என்பது எளிதில் தெரியும். மேற்பகுதியை இழுத்து இறக்கக் கூடாது. இழுக்கும்போது பட்டுப்போன கிளைகள் தலைமீது விழக்கூடும். வெட்டப்பட்ட கொடி மரத்திலேயே காய்ந்து நாளடைவில் உதிரும். வெட்டும்போது மரப்பட்டையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கம்பிகளைத் தொட்டுள்ள கொடிகளில் வீட்டினர் கைவைத்தல் கூடாது. அப்பணியை மின்வழங்கு நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

இவ்வாறு வெட்டுவது மரத்தை உடனடியாகக் காக்கும். ஆயினும் வேர்த்தலை இருக்கும்வரை கொடி அழிவதில்லை.

வேர்த்தலையை அகற்றல்

சிறிய பரப்பில் வேதிப்பொருளின்றிச் செய்யக்கூடிய முறை இதுவாகும். தரையில் படர்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டே அது மண்ணுக்குள் செல்லும் இடத்தை அடைந்து, அங்குள்ள மண்ணை விலக்கினால் வேர்த்தலை தென்படும். அதற்குக் கீழே வேரைக் கைரம்பத்தாலோ கடப்பாரையாலோ அறுத்து, மொட்டுகளுள்ள முடிச்சு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஆழமான வேரை முழுவதும் தோண்டி எடுக்கத் தேவையில்லை. அது மண்ணிலேயே மட்கிவிடும்.

வேர்த்தலைகள் பெரும்பாலும் மண்மட்டத்திலோ சில அங்குல ஆழத்திலோ இருக்கும். மழைநீர் மண்ணைக் கொணர்ந்து சேர்க்கும் சரிவடிகளில் மேலும் ஆழத்தில் புதைந்திருக்கலாம். கணுக்கள் தோறும் புதிய வேர்த்தலைகள் உருவாவதால், பழைய படலத்தின் கீழ் அவை ஏராளமாக இருக்கும். தென் கரோலினா மாநிலத்தின் ஸ்பார்ட்டன்பர்க் நகரில் தன்னார்வலர்கள் இம்முறையைப் பின்பற்றிக் குட்சுவை அகற்றிவந்துள்ளனர். உழைப்பு மிகுதியாகத் தேவைப்படுவதே இதன் குறையாகும்.

தொடர்ந்து வெட்டுதலும் மேய்ச்சலும்

சமதரையில் புல்வெட்டும் இயந்திரத்தால் கொடியைத் தரையொட்டி அடிக்கடி வெட்டலாம். ஒவ்வொரு முறை தளிர்க்கும்போதும் வேர் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. புதிய இலைகள் அச்சேமிப்பை ஈடுசெய்யுமுன் மீண்டும் வெட்டினால் வேர் படிப்படியாக வலுவிழக்கும். வளர்பருவத்தில் மாதம் ஒருமுறையேனும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் இவ்வாறு செய்ய வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் வெட்டுவதால் பெரும் பயனில்லை. அடுத்த சில மாதங்களில் வேர் இழந்ததை மீட்டுக்கொள்ளும்.

ஆடு, மாடுகளை மேயவிடுவதும் இதே அடிப்படையில் செயல்படுகிறது. குட்சு இலை புரதம் மிகுந்த நல்ல தீவனமாகும். டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரம் 2006இல் மிசனரி ரிட்ஜ் என்னும் குன்றுப்பகுதியில் குட்சுவைக் கட்டுப்படுத்த ஆடுகளைப் பயன்படுத்தியது. இயந்திரம் செல்லவியலாத சரிவுகளில் ஆடுகள் பயனுள்ளவை. எனினும் அவை தோட்டச் செடிகளையும் மரப்பட்டையையும் உண்ணும் என்பதால் வேலி தேவை. கொடிகள் எட்டாத உயரத்தில் இருந்தால் முன்னதாகவே வெட்டி வீழ்த்த வேண்டும். ஒரு பருவத்துடன் மேய்ச்சலை நிறுத்தினால் கொடி மீண்டும் வளரும்.

களைக்கொல்லிகள்

பரப்பு பெரிதாக உள்ளபோது கிளைபோசேட், டிரைக்ளோபைர் போன்ற களைக்கொல்லிகள் பயன்படுத்தப்படுகின்றன. இவை இலையிலிருந்தோ வெட்டுவாயிலிருந்தோ உட்சென்று வேருக்குக் கடத்தப்படும் வகையைச் சேர்ந்தவை. கோடையின் இறுதியிலிருந்து உறைபனிக்கு முன்வரையிலான காலத்தில், இலையில் உருவான சர்க்கரை வேரை நோக்கிச் செல்கிறது. அப்போது இட்ட மருந்தும் அதனுடன் வேரை அடைவதால் பலன் கூடுதலாகும்.

வீட்டுத் தோட்டத்தில் தெளிப்பதைவிட வெட்டுவாயில் பூசுவதே பாதுகாப்பானது. தண்டைத் தரையொட்டி வெட்டிய உடனேயே, வெட்டுவாய் உலருமுன், தூரிகையால் மருந்தைப் பூச வேண்டும். இதனால் அண்டையிலுள்ள செடிகளுக்குப் பாதிப்பு குறையும். கிளைபோசேட் பசுமையான எத்தாவரத்தையும் தாக்கக்கூடியது. அவரைக் குடும்பத்தைத் தாக்கும் குளோபைராலிட் போன்ற மருந்துகள் பட்ட இலைகளை உரக்குழியில் இட்டால், அவ்வுரம் பின்னர் அவரை, தக்காளி முதலியவற்றைப் பாதிக்கும்.

2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றுள் ஒன்றாக வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் இதற்கு மாறான முடிவை வெளியிட்டது. 2022இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அம்முடிவின் மனித நலம் தொடர்பான பகுதியை நீக்கியது. எம்மருந்தாயினும் கலத்தின் மேலுள்ள குறிப்பில் கூறப்பட்ட அளவு, பாதுகாப்பு உடை, நீர்நிலையிலிருந்து விலக வேண்டிய தூரம் ஆகியவற்றை மீறுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றமாகும். மருந்து இடப்பட்ட கொடிகளைக் கால்நடைக்கோ மனித உணவிற்கோ பயன்படுத்தக் கூடாது.

அகற்றிய கொடிகளைக் கையாளுதல்

வெட்டிய பச்சைக் கொடிகளையும் வேர்த்தலைகளையும் ஈர மண்ணில் குவித்து வைத்தால் அவை மீண்டும் வேர்விடக்கூடும். சிமெண்டுத் தரை அல்லது தடித்த நெகிழித் தாளின் மீது பரப்பி நன்கு காயவிட வேண்டும். வேர்த்தலைகள் முற்றிலும் காயும்வரை அவற்றை உரக்குழியில் இடுதல் கூடாது. காய்கள் உருவாகியிருந்தால் அவற்றைத் தனியே பையிலிட்டுக் கட்ட வேண்டும்.

மறுநடவும் கண்காணிப்பும்

கொடியை அகற்றியபின் நிலத்தை வெறுமையாக விடுதல் கூடாது. குறிப்பாகச் சரிவுகளில் மண்ணரிப்பு ஏற்படும். முற்காலத்தில் குட்சு நடப்பட்டதே இதைத் தடுப்பதற்காகத்தான். எனவே பெரும் சரிவுகளைப் பகுதி பகுதியாகத் துப்புரவு செய்து, உடனுக்குடன் புல்லையோ அப்பகுதிக்குரிய புதர்களையோ மரங்களையோ நடுவது நன்று. மரங்கள் வளர்ந்து நிழல் தரும்போது குட்சு மீண்டும் தலையெடுப்பது கடினமாகும்.

குட்சுவின் விதையுறை கடினமானது. மண்ணில் சில ஆண்டுகள் உறங்கியபின்னும் முளைக்கலாம். அண்டை நிலத்தில் கொடி இருந்தால் ஓடுதண்டுகள் எல்லையைக் கடந்து வரும். எனவே எல்லையோரத்தில் ஒரு நெடுக்குத் துண்டு நிலத்தை எப்போதும் வெட்டி வைப்பதும், அண்டை வீட்டாருடன் இணைந்து பணிபுரிவதும் பலன்தரும். பழைய படலங்கள் முற்றிலும் அழியப் பல ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டிலேயே இலைப்பரப்பு பெரிதும் குறைந்துவிடுவதால் பணி முடிந்ததெனக் கருதிக் கைவிடுவோர் பலர். ஒரே ஒரு வேர்த்தலை எஞ்சினாலும் அதிலிருந்து கொடி மீண்டும் பரவக்கூடும் என்பதால், ஆண்டுதோறும் இளவேனிலில் நிலத்தைச் சுற்றிப் பார்த்துப் புதிய தளிர்களை அகற்றுவது அவசியம்.

பயன்கள்

தாயகத்தில் குட்சு பயன்தரு தாவரமாகவும் விளங்குகிறது. ஜப்பானில் வேரிலிருந்து எடுக்கப்படும் மாவு இனிப்புகள் செய்யவும் குழம்புகளைக் கெட்டியாக்கவும் பயன்படுகிறது. நாரா மாநிலத்தின் யோசினோ பகுதி மாவு இதில் புகழ்பெற்றது. தண்டின் நாரிலிருந்து துணி நெய்யப்படுகிறது. சீன மருத்துவத்தில் வேர் மருந்தாகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் தண்டிலிருந்து கூடைகள் பின்னப்படுகின்றன. எனினும் இப்பயன்பாடுகளின் அளவு கொடியின் பரவலைக் கட்டுப்படுத்தப் போதுமானதாக இல்லை.

இவற்றையும் பார்க்க

ஆக்கிரமிப்பு இனங்கள்
மண்ணரிப்பு
களைக்கொல்லி
உண்ணிச்செடி
சீமைக் கருவேலம்